காத்தவராயன் குரலுக்கு ஒரு பெட்டி

சோணங்குப்பத்தில் காத்தவராயன் குரலைக் கேட்காத காது கிடையாது. கடலூர் துறைமுகத்தில் மீன்பிடி போட்டு இஞ்சினுக்கு வைத்தியம் பார்க்கிற மெக்கானிக் அவர். ஆறு சிலிண்டர் டீசல் இஞ்சின் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்கும்போது, அதுக்கும் மேல ஏறி, "டேய் சுப்புராயா, வால்வ அடைடா சோம்பேறி!" என்று ஒரு சத்தம் போட்டால் உப்பனாற்றுக்கு அந்தப் பக்கம் வலை பின்னுகிறவன் நிமிர்ந்து பார்ப்பான். மாசி மகத்துக்குக் கயிறு இழுக்கிற போட்டி நடந்தால் மைக் அவர் கையில்தான். இவருக்கு எதுக்கு மைக்கு என்று கேலி பண்ணியவர்களும் உண்டு.

எல்லாம் ரெண்டாயிரத்துப் பத்து வரைக்கும். அந்த வருஷம் தொண்டையில் கட்டி என்று புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போய், குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போனது. கழுத்தில் ஒரு ஓட்டை, அதுக்கு மேல ஒரு கைக்குட்டை. தொழிலை மட்டும் விடவில்லை மனுசன். பேச்சுக்குப் பதில் கை. ஒரு தட்டு தட்டினால் ஆமா. ரெண்டு தட்டு தட்டினால் இல்ல. ஸ்பேனரைத் தரையில் போட்டால் கோபம். அதுக்கும் மிஞ்சினால் சட்டைப் பையில் இருக்கிற சாக்பீஸை எடுத்துத் தரையில் எழுதுவார்.

அவர் பெண்டாட்டி தனத்துக்குத்தான் வீடு வெறிச்சென்று போனது. தலையில் கூடை தூக்கி, முதுநகர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், பத்துப் பேரிடம் வாய் கொடுத்து ஜெயிக்கிறவள். ஆனால் வாய்ச்சண்டைக்கு எதிராளி வேண்டாமா? இருபத்தேழு வருஷம் தினமும் ஏட்டிக்குப் போட்டியாகப் பேசிவிட்டு, திடீரென்று ஒரு பக்கம் மட்டும் பேசினால் யாருக்குத்தான் பொறுக்கும்?

அதுக்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். மகள் தீபிகா காலேஜ் படிக்கும்போது வாங்கின கம்ப்யூட்டர் உள் அறையில் இருந்தது. மாசி மக வீடியோ, காதுகுத்து வீடியோ, தீபிகாவின் கல்யாண வீடியோ எல்லாம் அதில்தான். எதை எங்கே அமுக்க வேண்டும் என்று மகள் சொல்லிக் கொடுத்திருந்தாள். சாயங்காலம் மார்க்கெட்டில் இருந்து வந்ததும் தனம் கை கால் கழுவி, கல்யாண வீடியோவைப் போடுவாள். பொண்ணோட அப்பா நாலு வார்த்தை சொல்லுங்க என்று வீடியோக்காரன் கேட்கிற இடம் அவளுக்கு மனப்பாடம். பட்டு வேட்டியில் காத்தவராயன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்:

"சாப்பாட்டுல ஒரு கொறயும் இருக்காது. ஏன்னா சமையக்காரன் சமைச்சான். எம் பொண்டாட்டி கையில உப்பு நிக்காது. இருவத்து மூணு வருசமா கடல்தண்ணியத்தான் கொழம்புன்னு குடிக்கிறேன்!"

"ஆமா, குடிச்சிட்டுத்தான் இந்தத் தொப்ப வந்துதா?" என்று தனம் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்பாள். தினமும் கேட்பாள்.

இதில் ஒரு வேடிக்கை, அந்தக் குரல் கேட்ட உடனே நிஜக் காத்தவராயன் எழுந்து வெளியே போய்விடுவார். ஏன் போகிறார் என்று அவர் சொல்லவும் இல்லை, தனம் கேட்கவும் இல்லை.

அடுத்த வருஷம் டிசம்பரில் தானே புயல் வந்து காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரி, பலா எல்லாவற்றையும் வேரோடு சாய்த்துப் போட்டதே, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு உடம்பு சரியில்லை. திடீரென்று படம் நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து ஓடும். டிவிடியில் எழுதி வைத்ததெல்லாம் உப்புக்காற்றில் மீன் செதில் மாதிரி உரிந்துபோயிருந்தது. சிதம்பரத்தில் இருக்கிற மாப்பிள்ளை மணிவண்ணனுக்குத் தனம் போன் போட்டாள். அவன் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் லேப் பார்த்துக்கொள்கிறவன். நல்ல பையன். ஆனால் தனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று ஒரு நினைப்பு.

"அதுக்குன்னு தனியா ஒரு பொட்டி வந்திருக்குது அத்தை. உள்ள டிஸ்க் இருக்கும். எல்லா வீடியோவையும் அதுல ஏத்திட்டா ஒரு மூலையில அது பாட்டுக்குக் கெடக்கும். கூடத்துல இருக்கற டிவியில ரிமோட்ட அமுக்கினா படம் வரும். கம்ப்யூட்டரே போட வேணாம்."

"கூடத்துல ஓடுனா அடுப்பங்கரைக்குக் கேக்குமா?"

"மாமா குரல் தான? பரங்கிப்பேட்டைக்கே கேக்கும்."

"அதுக்கு நெட்டு வேணுமா மாப்ள?"

"வீட்டுக்குள்ளாறயே ஓடுறதுக்கு எதுக்கு நெட்டு? ஒரு ரூட்டர் போதும். நான் சனிக்கெழம வர்ரேன்."

அது மே மாசம். மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் உப்பனாற்றில் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். கடலுக்குப் போகிறவனுக்கு ஓய்வு, காத்தவராயனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. நாற்பத்தைந்து நாளில் இஞ்சினை எல்லாம் பிரித்து மேய்ந்து பூட்டிக் கொடுக்க வேண்டும். அப்படியும் சனிக்கிழமை காலையில் கையைக் கழுவிக்கொண்டு கூடவே கிளம்பினார். தன் குரல் வீடியோவுக்குப் பெட்டி வாங்க அவருக்கு இஷ்டமில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் ஒரு மெஷின் வாங்கப் போகிறார்கள், அதைப் பார்க்காமல் இருக்க அவரால் ஆகாது.

மஞ்சக்குப்பத்தில் டேவிட் ராஜ் கடை. சின்னக் கடைதான், நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் ரோட்டில். மூன்று பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தான்.

மணிவண்ணன் ஒன்றைத் தட்டிக் காட்டினான். "இதான் அத்தை. ஒரே டிஸ்க், ரெண்டு டிபி. ஆயுசுக்கும் வீடியோ எடுத்தாலும் ரொம்பாது. வெலயும் கம்மி."

"இது?"

"அது ரெண்டு டிஸ்க்கு. ஒண்ணுல இருக்கறதே இன்னொண்ணுலயும் இருக்கும். வீண் செலவு. இந்த மூணாவது ஆபீசுக்கு, அத வுட்டுடுங்க."

"டிஸ்க்கு வெலயே இப்ப ஜாஸ்திக்கா," என்றான் டேவிட் ராஜ். "தாய்லாந்துல வெள்ளம் வந்து பேக்டரியெல்லாம் முழுவிப்போச்சு."

"வரத்து இல்லன்னா வெல ஏறத்தான செய்யும்? அதுவா எனக்குத் தெரியாது?" என்றாள் தனம். மீன்காரிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. "மாப்ள, ஒரே சரக்க எதுக்கு ரெண்டு டிஸ்க்குல வெக்கறான்?"

"ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு ஓடும். ஆனா புது டிஸ்க்கு எதுக்கு அத்தை கெடப்போவுது? நான் லேப்ல அறுவது கம்ப்யூட்டர் பாத்துக்கறேன்."

"உங்க லேப்பு கடக்கரையிலயா இருக்குது? எங்க ஊட்டு ஜன்னல் கம்பிய வந்து பாருங்க. வருசத்துக்கு ஒரு தடவ மாத்துறோம்."

காத்தவராயன் பேசுகிறவர்கள் யாரையும் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கிக் கனம் பார்த்தார், திருப்பி அடியைப் பார்த்தார், காற்றாடி இருக்கிற ஓட்டையில் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு இடுப்பில் இருந்து முழ நீளத் திருப்புளியை உருவினார். டேவிட் ராஜ் பதறிப்போய், "அண்ணே, பிரிக்காதீங்க, வாரண்டி பூடும்!" என்றான்.

"பிரிக்க மாட்டாருப்பா. போட்டு வுடு, கேப்பாரு," என்றாள் தனம்.

இஞ்சின் மெக்கானிக் வழக்கம் அது. திருப்புளியின் நுனியை ஓடுகிற இஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டால் உள்ளே எந்தப் பேரிங் அழுகிறது என்று தெரிந்துவிடும். டேவிட் ராஜ் பெட்டியை ஓடவிட்டான். காத்தவராயன் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒத்த டிஸ்க்கைக் கேட்டார். ரெட்டை டிஸ்க்கைக் கேட்டார். நிமிர்ந்து ஒரு தட்டு தட்டினார். ரெண்டுமே சரி.

"அப்ப நான் ஒண்ணு கேக்கறேன்," என்றாள் தனம். "இந்த ரெண்டு டிஸ்க்குல ஒரு படத்தப் போடு தம்பி."

போட்டான். டிவியில் ஏதோ ஒரு கல்யாணம் ஓடியது.

"இப்ப ஒண்ண உருவு."

"ஓடும்போதேவா அக்கா?"

"சாவுற டிஸ்க்கு உன்னையக் கேட்டுட்டா சாவும்? உருவு."

டேவிட் ராஜ் ஒரு டிஸ்க்கை வெளியே இழுத்தான். பெட்டி கீங் கீங் என்று கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்தது. டிவியில் கல்யாணம் மட்டும் நிற்கவே இல்லை. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"இதுதான் எனக்கு வேணும்," என்றாள் தனம். "ஒத்த பேட்டரியோட எந்தப் போட்டும் கடலுக்குப் போவாது. எங்க ஆளு அனுப்ப மாட்டாரு."

காத்தவராயன் ஒரு தட்டு தட்டினார். இஷ்டமில்லாத மனுசனுக்கு அந்தத் தட்டு கொஞ்சம் பலமாகத்தான் விழுந்தது. மணிவண்ணன் முகம் சுண்டிப்போனது. "ரெண்டு டிஸ்க் இருந்தாலும் புயல்ல வீடே போனா பொட்டியோடதான போவும்?" என்று முணுமுணுத்தான்.

"அது நல்ல கேள்வி மாப்ள," என்றாள் தனம், நிஜமாகவே. "அப்ப நீங்க சொன்ன ஒத்த டிஸ்க்கயும் வாங்குவோம். அது உங்க ஊட்ல சிதம்பரத்துல இருக்கட்டும். அதுலயும் ஒரு காப்பி." மாப்பிள்ளையும் ஜெயித்தான், அவளும் ஜெயித்தாள்.

வீட்டுக்கு வரும்போது மணி பதினொன்று. பன்னிரண்டுக்குக் கரண்டு போகும். அந்த வருஷம் தமிழ்நாட்டில் கரண்டு இருக்கிற நேரத்தைத்தான் விசேஷமாகச் சொல்ல வேண்டும். மணிவண்ணன் கூடத்தில் ரூட்டரையும் பெட்டியையும் வைத்து, உள் அறைக் கம்ப்யூட்டருக்கு ஒயர் இழுத்தான். கம்ப்யூட்டரைப் போட்டான். டகடகவென்று இழுத்துக்கொண்டு ஒருவழியாக எழுந்தது.

"ரொம்ப ஸ்லோவா இருக்குது அத்தை. ஆஃப் பண்ணி, டிஸ்க்கக் கழட்டி நேரா மாட்டினா சீக்கிரம் முடிஞ்சிடும்," என்று ஸ்விட்சுக்குக் கை கொண்டுபோனான்.

பட், பட்!

ரெண்டு தட்டு, வீடு அதிர்கிற மாதிரி. காத்தவராயன் திருப்புளியைக் கம்ப்யூட்டர் மேல் ஊன்றி, காதில் அழுத்திக்கொண்டு நின்றார். தனத்தைக் கையைப் பிடித்து இழுத்து, திருப்புளியை அவள் காதில் வைத்தார். டிக்... டிக்... என்று ஒரு சத்தம், நடுவில் ஒரு இழுப்பு. அவளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவர் முகம் புரிந்தது. இந்தப் போட்டு கடலுக்குப் போகக்கூடாது என்று ஓனரிடம் சண்டை போடும்போது இருக்கிற முகம் அது.

"மாமா, பழய டிஸ்க்கு அப்படித்தான் சத்தம் போடும்," என்றான் மணிவண்ணன்.

காத்தவராயன் மண்டி போட்டுத் தரையில் சாக்பீஸால் எழுதினார். 'நிறுத்தாத. நிறுத்தினா எழும்பாது.'

"மாப்ள, கைய எடுங்க," என்றாள் தனம். "சுப்புராயன் போட்ல ஒரு வாட்டி நடுக்கடல்ல இதே மாதிரி சத்தம். நிறுத்தாம கரைக்கு ஓட்டிட்டு வான்னு வயர்லெஸ்ல இவுரு கத்துனாரு. அவன் கேக்காம, பிரிச்சுப் பாக்கறேன்னு நிறுத்துனான். மறுபடி எழும்பவே இல்ல. ரெண்டு நாளு மெதந்து பரங்கிப்பேட்டையில கரையேறுனான்."

"இது இஞ்சின் இல்ல அத்தை..."

"சுத்துதா இல்லியா? சுத்துறது எல்லாமே அவருக்கு ஒண்ணுதான்."

மணிவண்ணன் கையை எடுத்தான். இருக்கிற நிலையிலேயே காப்பி போட்டுப் பார்த்தான். "அஞ்சு மணி நேரம் காட்டுது. பன்னண்டுக்குக் கரண்ட் போவும். யுபிஎஸ் மூணு நிமிசம்கூடத் தாங்காது."

அப்போதுதான் தனத்துக்குத் தன் ஐஸ் பெட்டி ஞாபகம் வந்தது. தப்பு அவளுடையது. தானே புயலன்றைக்கு ராத்திரி வீட்டுக்குள் தண்ணி வரும் என்று பயந்து, கம்ப்யூட்டரைத் தூக்கித் தன் மீன் ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டாள். பைபர் பெட்டி, சொட்டுத் தண்ணி உள்ளே போகாது. அவள் வீட்டில் அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது. ஆனால் அடியில் முந்தின நாள் ஐஸ் கரைந்த உப்புத்தண்ணி ஈரம் இருந்ததை யார் பார்த்தது? மூன்று நாள் அதற்குள்ளேயே கிடந்தது.

"நான்தான்யா அத உப்புல ஊற வெச்சேன்," என்று புருஷனைப் பார்த்துச் சொன்னாள். கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு வந்தது. "என் கையில உப்பு நிக்காதுன்னு நீ சொன்னது சரிதான். உன் கொரலு போயிடுமேய்யா."

காத்தவராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே ஓடினார்.

பதினொன்று ஐம்பதுக்கு மீன்பாடி வண்டி வாசலில் வந்து நின்றது. மேலே ரெண்டு போட்டு பேட்டரி. பின்னால் தள்ளிக்கொண்டு வந்தவன் அதே போட்டுக்காரன் சுப்புராயன். "கேக்காம ஷெட்டத் தொறந்து எம் பேட்டரியத் தூக்குறாரு அண்ணி! தடைக்காலம், சும்மாத்தான கெடக்குது, எடுத்துக்கோன்னு நானே தள்ளிட்டு வர்ரேன்," என்றான்.

யுபிஎஸ்ஸை ஓடும்போதே பிரித்தார் காத்தவராயன். உள்ளே கையளவு பேட்டரி, அதுவும் பன்னிரண்டு வோல்ட், இதுவும் பன்னிரண்டு வோல்ட். போட்டு பேட்டரியின் ஒயரை அதன் ரெண்டு முனையிலும் கவ்வவிட்டார். புதுப் பெட்டியையும் ரூட்டரையும் யுபிஎஸ்ஸிலேயே செருகச் சொல்லி மாப்பிள்ளைக்குக் கை காட்டினார். மணிவண்ணன் இப்போது எதிர்க்கேள்வி கேட்காமல் செருகினான்.

டப்பென்று தலைக்கு மேல காற்றாடி நின்றது. கரண்டு போய்விட்டது. யுபிஎஸ் பீப் பீப் என்று அலறியது. கம்ப்யூட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"அடேங்கப்பா," என்றான் மணிவண்ணன். "மாமா, இது நாள் பூரா தாங்கும் போலருக்குதே!"

ஒரு தட்டு.

"எத மொதல்ல போடட்டும்? நடுவுல டிஸ்க் போயிட்டாலும் முக்கியமானது வந்துடணும்."

"கல்யாண வீடியோ. அவரு பேசறது," என்றாள் தனம்.

ரெண்டு தட்டு.

"என்னாய்யா இல்ல? உன் கொரல விட எனக்கு வேற என்னா வேணும்? ரெண்டு வருசமா செவுத்துக்கிட்ட பேசுறேன்யா நானு!"

காத்தவராயன் சாக்பீஸை எடுத்து, யோசித்து, மெதுவாக எழுதினார். 'அவன் வேற ஆளு. அவன்கிட்டதான் பேசற. என்கிட்ட பேசறதில்ல.'

தனம் படித்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், அதனால் நேரமானது. மாப்பிள்ளையும் சுப்புராயனும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சாயங்காலம் சாயங்காலம் இந்த மனுசன் எழுந்து வெளியே போனது எதனால் என்று இப்போதுதான் விளங்கியது. தன் குரல் மேலேயே பொறாமை! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"பைத்தியக்காரா," என்றாள். "உன்கிட்ட பேசத்தான்யா அவன்கிட்ட பேசுறேன். நீ தட்டுனா நான் எப்படிய்யா சண்ட போடறது? மாப்ள, நான் சொன்னதையே மொதல்ல போடுங்க."

இந்தத் தடவை காத்தவராயன் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார்.

நாலு மணி நேரத்துக்கு மேல ஒருத்தரும் அந்த அறையை விட்டு நகரவில்லை. தனம் மட்டும் அடுப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் நடந்துகொண்டிருந்தாள். தடைக்காலத்தில் கடல் மீன் ஏது, உப்பனாற்று மடவைதான். புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தாள். உப்பு போடும்போது கை தயங்கியது. காத்தவராயன் திருப்புளியைக் காதில் இருந்து எடுக்கவில்லை. ரெண்டு தடவை டிக் டிக் வேகமாகியது, காப்பி அப்படியே நின்றது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நகர்ந்தது. சுப்புராயன் தன் பேட்டரியைத் தடவிக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

நாலரைக்கு மணிவண்ணன், "முடிஞ்சிடுச்சு! எல்லாம் வந்துடுச்சு!" என்று கத்தினான். பிறகு மாமனாரைத் திரும்பிப் பார்த்து, "இப்ப ஆஃப் பண்ணவா?" என்று கேட்டான். கேட்டுவிட்டுத்தான் செய்தான்.

ஒரு தட்டு.

நிறுத்தினான். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதிக்கிறேன் என்று மறுபடி போட்டான். டிக், டிக், டிக். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதோ வந்தது, அவ்வளவுதான். மூன்று தடவை போட்டான். எழும்பவே இல்லை.

"மாமா..." என்றான் மணிவண்ணன். காத்தவராயன் திருப்புளியைத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். மனுசனுக்கு அப்படி ஒரு மிதப்பு, அன்றைக்கு யாராலும் அடக்கியிருக்க முடியாது.

கரண்டு வந்தது. கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தனம் குழம்பை ஊற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை அமுக்கினாள். டிவி முழுக்கப் பட்டு வேட்டியில் காத்தவராயன். நிஜக் காத்தவராயன் பாதிச் சோற்றில் எழப்போனார். தனம் அவர் தோளை அழுத்தி உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"...எம் பொண்டாட்டி கையில உப்பு நிக்காது. இருவத்து மூணு வருசமா கடல்தண்ணியத்தான் கொழம்புன்னு குடிக்கிறேன்!" குரல் அடுப்பங்கரை, கொல்லை எல்லாம் போய் முட்டித் திரும்பியது.

தனம் டிவியைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருக்கிறவரைத்தான் பார்த்தாள். "கேட்டியா? இன்னிக்கும் அப்படித்தான் இருக்குதா? நீயே சொல்லு."

காத்தவராயன் சோற்றுக் கையை நக்கி, வேட்டியில் துடைத்தார். டிவியில் இருக்கிற ஆளை முறைத்துப் பார்த்தார்.

பட், பட்.

மணிவண்ணன் சிரித்தே விட்டான். தனம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இன்னொரு கரண்டி குழம்பை எடுத்து அவர் தட்டில் ஊற்றினாள்.

"இன்னொரு வாட்டி சொல்லுய்யா," என்றாள்.

மறுபடியும் ரெண்டு தட்டு தட்டினார்.